ஞாபகமில்லை என்று சொன்ன இன்ஸ்பெக்டரம்மா

பிடிக்காத ஒருத்தி எக்கேடு கெட்டுப்போனாலும் எனக்கென்ன வந்தது? அந்த இன்ஸ்பெக்டரம்மாவை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அதனால்தான் அப்படி வயிறு எரிந்தது.

அவள் நிஜ ஆள் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு ஒரு எபிசோடாக செல்போனில் வந்துகொண்டிருந்த ஒரு போலீஸ் தொடரின் கதாநாயகி. முதல் சீசனில் ஒரு பெரிய இடத்துப் பிள்ளையைக் காரிலிருந்து இறக்கி, நடுரோட்டில் விலங்கு மாட்டினாள். இரண்டாவது சீசனில் அதற்காகவே அவளை சஸ்பெண்ட் செய்து வீட்டில் உட்காரவைத்தார்கள். மோர்சோறும் ஊறுகாயுமாகத் தின்றாளே தவிர, நீட்டிய காகிதத்தில் பொய்யாக ஒரு கையெழுத்துப் போடவில்லை. நான் எழுந்து நின்று கைதட்டாத குறைதான். மூன்றாவது சீசனில் என்ன சனி பிடித்ததோ தெரியவில்லை. ஒரு வீட்டில் கொலை, நகை காணோம், வேலைக்கு இருந்த பெண்ணைப் பிடித்து உள்ளே வைக்கிறார்கள். நம் இன்ஸ்பெக்டரம்மா அந்த வீட்டு வளையலைத் தன் சொந்தத் தம்பியின் பெட்டியில் பார்க்கிறாள். பார்த்துவிட்டு என்ன செய்தாள் தெரியுமா? பெட்டியை மூடிவிட்டுப் போய் காபி போட்டாள். அடிப்பாவி, காபி!

இதையெல்லாம் நாங்கள் பார்த்தது கம்பெனி பஸ்ஸில். காலை ஷிப்டு பஸ் ஐயப்பன்தாங்கலில் கிளம்பி, காட்டுப்பாக்கத்தில் என்னை ஏற்றிக்கொண்டு, பூந்தமல்லி, பருத்திப்பட்டு, ஆவடி வழியாக அம்பத்தூர் எஸ்டேட் போய்ச் சேரும். பஸ்ஸில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எபிசோடை வீட்டில் யாரும் பார்க்கக்கூடாது. டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளலாம், திறக்கக்கூடாது. பூந்தமல்லியில் கடைசி ஆள் ஏறியதும் டிரைவர் ஒரு ஹாரன் அடிப்பார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போனை அமுக்குவோம். முன் சீட்டில் 'ஐயையோ' கேட்டால் பின் சீட்டிலும் அதே நொடியில் 'ஐயையோ' கேட்கவேண்டும். பருத்திப்பட்டிலும் ஆவடியிலும் ஏறுகிறவர்கள் மட்டும் அந்த ஹாரன் நேரத்தைக் கணக்குப்பண்ணி ஸ்டாப்பில் நின்றபடியே ஆரம்பித்துக்கொள்ளலாம். அது நாங்கள் பெரிய மனது வைத்துக் கொடுத்த சலுகை.

எபிசோட் முடிந்ததும் தீர்ப்புச் சொல்வது நான். யாரும் நியமிக்கவில்லை, அதுவாகவே அமைந்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பேன். "இந்தப் பொம்பளைக்கு யூனிஃபார்ம் ஒரு கேடா?" என்று ஆரம்பித்தால் எஸ்டேட் கேட் வரைக்கும் ஓயமாட்டேன். வீட்டுக்குப் போயும் அடங்காது. பஸ் வாட்ஸ்அப் குரூப்பில் நான் போட்ட வாய்ஸ் மெசேஜ்களை ஒரு நாள் என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "யாரோ எழுதின கதைக்கு நீ ஏன் பிபி ஏத்திக்கிற?" என்றார். "எழுதினவன் கையில கிடைச்சா அவனுக்கும் ஏத்தறேன்" என்றேன்.

என் பக்கத்து சீட்டுக்காரி காட்டுப்பாக்கத்துப் பூர்வீகக்காரி. என்னைவிட பதினைந்து வயது சின்னவள். இப்போது நான் குடியிருக்கிற ஃப்ளாட் நிற்கிற இடத்தில்தான் அவள் மாமனார் கத்தரித் தோட்டம் போட்டிருந்தாராம். ஏதாவது அறிவுரை சொல்லப் போனால், "எங்க மாமனார் தோட்டத்துல தூங்கி எந்திரிச்சு வந்து எனக்கே புத்தி சொல்றியாக்கா?" என்பாள். எங்கள் கம்பெனியில் பிரேக்குக்கான உதிரி பாகம் செய்கிறோம். அவள் மெஷின் ஓட்டுகிறாள், ஒன்பது வருஷமாக, காண்ட்ராக்டில். அந்த மாதம் நிரந்தரமாக்குகிறவர்களின் லிஸ்ட் வரப்போகிறது, அதில் அவள் பெயர் இருக்கிறது என்று சூப்பர்வைசரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். "மாசக் கடைசி வந்தா நாளையிலேர்ந்து வராதன்னு சொல்லிடுவானோன்னு பயமா கீதுக்கா. அந்தப் பயம் போனா போதும், வேற ஒண்ணும் வேணாம்" என்பாள்.

இரண்டு பேருக்கும் ஒரே இயர்போன். இடது காது அவளுக்கு, வலது எனக்கு. பார்ப்பது ஒன்றுதான், ஆனால் ஒரு நாளும் ஒத்துப்போகாது. நான் இன்ஸ்பெக்டரம்மாவைத் திட்டத் திட்ட அவள் பரிந்துகொண்டு வருவாள். "இன்னா பண்ணுவா பாவம்? தம்பியாச்சே. இவதான தூக்கி வளத்தா?" என்பாள். "அந்த வேலைக்காரப் பொண்ணை யாரும் வளக்கலையா? அது மரத்துல காய்ச்சுதா?" என்பேன். "நீ கோர்ட்டு மாதிரி பேசுற. நான் ஊட்ல பேசுற மாதிரி பேசுறேன்" என்பாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

நான் இப்படிப் பேசுவதற்கு என் வேலையும் ஒரு காரணம். நான் தர ஆய்வாளர், இருபத்தாறு வருஷமாக. ஷிப்டு தொடங்கி மெஷினிலிருந்து முதல் பீஸ் வந்ததும் நான் போகவேண்டும். அதன் துளைக்குள் கேஜை விட்டுப் பார்க்கவேண்டும். கேஜ் என்றால் விரல் நீளத்துக்கு ஒரு இரும்புக் குச்சி; வீட்டிலிருந்தே போட்டு வரும் கம்பெனிக் கோட்டின் பாக்கெட்டில் எப்போதும் இருக்கும். ஒரு முனை துளைக்குள் போகவேண்டும், மறு முனை போகக்கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் சிலிப்பில் கையெழுத்துப் போடுவேன். அந்தக் கையெழுத்து விழுந்த பிறகுதான் மெஷின் ஓடலாம். "பாத்தாலே தெரியுது மேடம், சரியாத்தான் இருக்கு" என்று என்னிடம் யாராவது சொன்னால் தொலைந்தார்கள். பார்த்தால் தெரிகிறதென்றால் கேஜ் எதற்கு, நான் எதற்கு?

ஆறாவது எபிசோட் வந்தது. கோர்ட். கூண்டில் அந்த வேலைக்காரப் பெண் நிற்கிறாள். சாட்சி சொல்ல இன்ஸ்பெக்டரம்மா வருகிறாள். "அந்த வளையலை நீங்கள் வேறு எங்காவது பார்த்தீர்களா?" என்று வக்கீல் கேட்கிறார். ஆவடி ரோட்டில் எவனோ குறுக்கே வந்து டிரைவர் பிரேக் போட்டதில் தலை முன் சீட்டில் இடித்ததுகூட யாருக்கும் உறைக்கவில்லை. இன்ஸ்பெக்டரம்மா தண்ணீர் குடித்தாள். தொப்பியைச் சரிசெய்தாள். "சரியா ஞாபகமில்லை" என்றாள். எபிசோட் அத்தோடு முடிந்தது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொல்கிறவள் பொய்யையாவது முழுசாகச் சொல்லவேண்டாமா? 'பார்க்கவில்லை' என்று சொன்னால்கூட, சரி, திருடி, தைரியமான திருடி என்று விட்டுவிடுவேன். ஞாபகமில்லையாம்! மாட்டினாலும் தப்பிக்கலாம், மாட்டாவிட்டாலும் தப்பிக்கலாம். இதைவிடக் கேவலம் உண்டா? பஸ்ஸில் பேசினேன், இறங்கும்போது பேசினேன், கேட்டில் வருகைக்கு விரல் வைக்கும்போது பேசினேன், ஷூ மாற்றும்போது பேசினேன். பக்கத்து சீட்டுக்காரி கூடவே வந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். மெஷினை ஓட்டி முதல் பீஸை எடுத்து மேஜையில் வைத்தாள். சிலிப் அட்டையை நீட்டினாள்.

"பார்த்ததைப் பார்த்தேன்னு சொல்ல ஒருத்திக்கு என்ன கேடு?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

கேஜ் என் கோட்டுப் பாக்கெட்டில், அதன் பெட்டிக்குள் இருந்தது. நான் திறக்கவே இல்லை.

"அவ நெலமைல நின்னு பாருக்கா, அப்பத் தெரியும்" என்றாள் அவள், பச்சை பட்டனை அமுக்கிக்கொண்டே. நான் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போனேன்.

பதினோரு மணிக்குச் சுற்றி வரும்போது அவள் மெஷினில் ஒரு பீஸை எடுத்துக் கேஜை விட்டேன். போகக்கூடாத முனை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அடுத்ததை எடுத்தேன். அதிலும் போனது. காலையிலிருந்து ஓடிய ஆறு ட்ரேயிலும் துளை பெரிசு. நைட் ஷிப்டில் துளை போடும் டூலை மாற்றியவன் செட்டிங்கைத் தப்பாக வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதைப் பிடிப்பதற்குத்தான் முதல் பீஸ், அதைப் பிடிப்பதற்குத்தான் நான். மெஷினை நிறுத்தச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் கோட்டுப் பாக்கெட்டைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

மத்தியானம் மேனேஜர் ரூமில் எங்கள் இரண்டு பேருக்கும் விசாரணை. என் பெரிய பையன் வயசுதான் இருக்கும் அவருக்கு. மேஜையில் என் கையெழுத்துப் போட்ட சிலிப் இருந்தது. "மேடம், காலைல கேஜ் போட்டுத்தானே பாத்தீங்க?" என்றார். சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குக் கேட்ட மாதிரிதான் கேட்டார். ஆமாம், இல்லை, ஒரு வார்த்தை. எதிரே இருந்த பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தேன்.

"போட்டிருப்பேன் சார்" என்றேன். "சரியா ஞாபகமில்லை."

கடவுளே. அதே வார்த்தை. காலையில் ஒரு பஸ் முழுக்கக் கேட்க நான் காறித் துப்பிய அதே வார்த்தை என் வாயிலிருந்து, கொஞ்சமும் தடங்கலில்லாமல் வந்தது. மேனேஜர் சிரித்தார். "நீங்க போடாம இருப்பீங்களா மேடம்? உங்களைப் பத்தித் தெரியாதா?" என்றார். நான் இத்தனை வருஷம் ஒழுங்காக இருந்ததெல்லாம் சேர்ந்து அந்த ஒரு நிமிஷத்தில் எனக்காகப் பொய்சாட்சி சொல்லிவிட்டது. அவர் திரும்பி அவளைக் கேட்டார். "முதல் பீஸ் சரியா இருந்திருக்கு. அப்புறம் எப்படிம்மா போச்சு?"

"மேடம் பாத்தாங்க சார். அதுக்கப்புறம் நான்தான் செட்டிங்கைத் தொட்டுட்டேன். மன்னிச்சிடுங்க சார்" என்றாள். ஆபரேட்டர் செட்டிங்கைத் தொடக்கூடாது. அது எங்கள் கம்பெனியில் பெரிய குற்றம். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சாயங்காலம் பஸ்ஸில் நான்தான் சண்டைக்குப் போனேன், வெட்கம் கெட்டவள். "யாருடி உன்னைப் பொய் சொல்லச் சொன்னது? நான் கேட்டேனா?" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். "நீ உண்மைய சொல்லியிருந்தா நான் எதுக்கு பொய் சொல்லப் போறேன்?" என்றாள். "நீ ஞாபகமில்லன்னுட்ட. மேடம் பாக்கலன்னு நான் சொன்னா எவன் நம்புவான்? நீ இருபத்தாறு வருசம், நான் காண்ட்ராக்டு. பழியையும் சொமந்துகினு, மேடம் மேல பழி போட்டான்னு பேரும் வாங்கணுமா? ஒத்துக்கினு மன்னிப்பு கேட்டாலாவது லிஸ்ட்ல இருந்து எடுக்காம உடுவாங்களோன்னு பாத்தேன்."

பருத்திப்பட்டு ஏரி தாண்டும்போது, "நாளைக்கே போய்ச் சொல்லிடறேன்" என்றேன். "சரி மேடம்" என்றாள். பஸ்ஸில் அவள் என்னை மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கம்பெனியில் அதிகாரிகள் முன்னால்தான் மேடம், பஸ்ஸில் எப்போதும் அக்கா.

நாளைக்கு என்று சொன்னது சனிக்கிழமை. மேனேஜர் லீவு. திங்கட்கிழமை வந்தார், ஆனால் வெளியாட்கள் தணிக்கைக்கு வந்திருந்தார்கள், அவர்கள் முன்னால் எப்படிப் பேசுவது? செவ்வாய்க்கிழமை அவர் ரூம் கதவு வரைக்கும் போனேன். போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அப்புறம் வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பினேன். அப்போது எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் பரீட்சை தள்ளிப்போன நிம்மதி. வீட்டில் சொன்னேன். "சொல்லிடு, லிஸ்ட் வர்றதுக்குள்ள சொல்லிடு" என்றார் என் வீட்டுக்காரர். "எனக்குத் தெரியாதா? லிஸ்ட் மாசக் கடைசிலதான்" என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

லிஸ்ட் புதன்கிழமையே ஒட்டிவிட்டார்கள்.

கேண்டீன் பக்கத்துப் பலகையில் கூட்டம். அவள் விரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தாள். மறுபடியும் மேலே போய் இன்னொரு தடவை படித்தாள். அவளுக்கு இரண்டு வருஷம் பின்னால் சேர்ந்தவர்கள் பெயரெல்லாம் இருந்தது. அவள் பெயர் இல்லை. கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு, "டைம் ஆச்சு மேடம், உள்ள போலாம்" என்றாள்.

நான் உள்ளே போகவில்லை. நேராக மேனேஜர் ரூமுக்குப் போனேன். கதவைத் தட்டக்கூட இல்லை. "சார், எனக்கு ஞாபகம் இருக்கு. வெள்ளிக்கிழமை காலைல நான் கேஜ் போடல. பேசிக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டேன். அவ எதையும் தொடல" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை ஏன் மேடம் அன்னிக்கே சொல்லல?" என்றார். லிஸ்ட் தலைமை அலுவலகத்தில் கையெழுத்தாகி வந்துவிட்டது, இனி எதுவும் செய்யமுடியாது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அவள் மேலிருந்த குற்றத்தை மட்டும் பதிவிலிருந்து அடித்துவிட்டார். எனக்கு ஒரு மெமோ. அவ்வளவுதான். இருபத்தாறு வருஷத்தில் முதல் மெமோ, அதைக்கூட மரியாதையாகக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். வெளியே வந்தபோது எனக்கு மனசு லேசாக இருந்தது. அந்த லேசை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. நான் லேசானேன், அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் மாசக் கடைசிப் பயம்.

மெஷின் சத்தத்துக்கு நடுவில் அவள் காதோரம் போய், "சொல்லிட்டேன்டி" என்றேன். ஏதாவது சொல்லுவாள் என்று நின்றேன். "சரி மேடம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை கடைசி எபிசோட். அவள் வேறு சீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. வழக்கம்போல் வலது காது இயர்போனை என் பக்கம் நீட்டினாள். பூந்தமல்லியில் ஹாரன் அடித்தது. அமுக்கினோம்.

இன்ஸ்பெக்டரம்மா கடைசியில் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். எப்போது? அந்த வேலைக்காரப் பெண்ணுக்குத் தீர்ப்பாகி, அவள் ஜெயிலுக்குள் போய், அவளைப் பெற்றவள் செத்தும் போன பிறகு. தொப்பியைக் கழற்றி ஜட்ஜ் முன்னால் வைத்துவிட்டு, "எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது" என்கிறாள். வயலின் அழுகிறது. அவள் கோர்ட் படிகளில் மெதுவாக, மெதுவாக இறங்கி வருகிறாள், காற்றில் முடி பறக்கிறது. பஸ்ஸில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பின் சீட்டில் யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தீர்ப்புக்காக என் பக்கம் திரும்பினார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை. "பாவம்" என்றேன். "கடைசியிலயாவது சொன்னாளே."

"இன்னா பாவம்?"

பக்கத்திலிருந்து வந்த அந்தக் குரலில் டிரைவரே கண்ணாடியில் பார்த்தார். மூன்று சீசனாக இன்ஸ்பெக்டரம்மாவை ஒரு சொல் சொல்ல விடாதவள், போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"இப்ப வந்து சொல்றா! அந்தப் பொண்ணு உள்ள போனப்புறம் வந்து சொல்றா! யாருக்கு வேணும் இவ உண்மை? அன்னிக்கு ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த வாயத் தொறந்து சொல்லியிருந்தா அவ தப்பிச்சிருப்பா இல்ல? இவளுக்கு மனசு ஆறணும்னு சொல்லிட்டு இவ பாட்டுக்கு ஸ்டைலா படி எறங்கி வந்துகினு கீறா. உள்ள கீறவ இன்னா பண்ணுவா? அவளுக்கு யாரு வயலின் வாசிப்பாங்க? சொல்லு!"

அவள் பார்த்ததெல்லாம் திரையைத்தான். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. பஸ்ஸில் மற்றவர்கள், "அப்படிப் போடு!" என்று சிரித்துக்கொண்டே ஆரவாரம் செய்தார்கள். இனிமேல் தீர்ப்புக்கு ஆள் மாற்றிவிடலாம் என்று ஒருத்தர் சொன்னார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்தது அங்கே யாருக்கும் தெரியாது. நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். திரையில் பெயர்கள் ஓடி முடியும்வரை அவளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

எஸ்டேட் கேட்டில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நான் அசையாமல் இருந்தேன். அவள் என் காதிலிருந்து இயர்போனைத் தானே எடுத்து, நாலு விரலில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"எந்திரிக்கா, டைம் ஆச்சு" என்றாள். இரண்டு படி இறங்கியவள் திரும்பி என் கோட்டுப் பாக்கெட்டைப் பார்த்தாள்.

"கேஜ் எடுத்துக்கினியா?"